பழகிய கோஷம்

வடக்கனந்தல் கடைத்தெருவில் கூட்டணிக் கூட்டம். கூலிப் போராட்டத்தில் பண்ணைக்காரர் ஆதிமூலத்தின் ஆட்கள் அடித்துத் தம்பி செத்த நாளிலிருந்து, செங்கொடி ஊர்வலந்தோறும் அவர் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியவன் முனியன். இன்று அந்த ஆதிமூலம்தான் கூட்டணி வேட்பாளர்.

"நீங்களே கோஷம் போடுங்க தோழர்" என்று மைக்கைக் கொடுத்தார் செங்கொடிக் கட்சிச் செயலாளர்.

"அண்ணன் ஆதிமூலம்..." என்று முனியன் ஆரம்பித்தான். பழகிய நாக்கு "ஒழிக!" என்று முடித்தது. கூட்டமும் பழக்கத்தில் "ஒழிக!" என்று திருப்பிக் கத்தியது.

செயலாளர் முறைத்தார். ஆதிமூலம் பெருந்தன்மையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் முனியனால் தாங்க முடியவில்லை. மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோய், "வாழ்க!" என்றான். கூட்டமும் வாழ்த்தியது.

மேடையிலிருந்து இறங்கியவனுக்குத் தம்பி பெண்டாட்டி செல்லியம்மாள் தண்ணீர் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டாவது தபா தப்பில்லாம சொல்லிட்டீங்க, மாமா."