தூரத்துக்கு ஒரு கூடாரம்

நீலக் கூடாரம்தான் வேண்டும் என்று தசரதன் மூன்றாவது முறையாகச் சொன்னான். தென்றல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கணவன் எதையும் மூன்று முறை சொல்கிறவன் இல்லை. துணிக்கடைக்குப் போனால் முதலில் காட்டிய சட்டையை எடுத்துக்கொண்டு வருகிறவன்.

அப்துல் பாயின் தார்ப்பாய்க் கடைக்குப் பின்னால் ஒரு காலி மனை இருந்தது. இரண்டு கூடாரங்களையும் அங்கே அடித்து நிறுத்தியிருந்தார். பச்சை, கித்தான் துணியில் தைத்தது. ஒரே அறை. ஏழு பேர் தாராளமாகப் படுக்கலாம். நீலம், நைலான். ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிட்டுப் போனது. அதில் பெரிய அறை ஒன்று. அதன் பக்கவாட்டில், தனி வாசலோடு சின்ன அறை ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஜிப் வைத்த திரை.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிற வேடியப்பன்தான் தசரதனுக்குக் குலதெய்வம். வருஷா வருஷம் சித்திரையில் போய்ப் பொங்கல் வைத்து, சேவல் அறுத்து, ராத்திரி அங்கேயே தங்கி வருவார்கள். டிராக்டரில் இழுத்துக் கட்டிய தார்ப்பாய்தான் கூரை. போன வருஷம் மழை பிடித்துக்கொண்டது. மகன் மாறன் காய்ச்சலில் கிடந்தான். இந்த வருஷம் நல்ல கூடாரமாக வாங்கி, கோயிலில் ஒரு ராத்திரி, பிறகு மேலே ஜமுனாமரத்தூரில் இரண்டு ராத்திரி என்று பிள்ளைகள் திட்டம் போட்டிருந்தார்கள். தசரதனின் அக்கா ராஜம்மாளும் தன் இரண்டு பையன்களோடு வருவதாக இருந்தது.

கூடாரம் பார்க்க ராஜம்மாள் மட்டும் காலையிலேயே கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். கூடாரம் பார்க்க அவள் எதற்கு என்று தென்றல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"மலைக்காத்துக்கு நைலான் தாங்காதுங்க," என்றாள் தென்றல்.

"வெயிட்டு கம்மி."

"டிராக்டர்தான தூக்கப் போவுது? நீங்களா தூக்கப் போறீங்க?"

அப்துல் பாய் சிரித்தார். "மேடம் சொல்றது கரெக்டு சார். பச்சை ஜாஸ்தி கெட்டி. யானை வந்து சாஞ்சாலும் நிக்கும்."

"யானை எதுக்கு பாய் எங்க டெண்டுல வந்து சாயுது?" என்றாள் ராஜம்மாள். "நீலமே குடுங்க."

நீலக் கூடாரம் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே மாறன் குதித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எட்டு வயது. அவன் அக்கா கவிநிலாவுக்குப் பதிமூன்று. கவிநிலா சின்ன அறையின் வாசலிலிருந்து தலையை நீட்டினாள்.

"அம்மா, இது என் ரூமு!"

வேங்கிக்கால் வீட்டில் அவளுக்கு அறை கிடையாது. கூடத்தில் டிவிக்கு முன்னால் பாய் விரித்துப் படுப்பாள். மற்றவர்கள் டிவியை அணைத்த பிறகுதான் அவளுக்குத் தூக்கம்.

"பாத்தியா? அவளே கேக்கறா," என்றான் தசரதன். அவசரமாகச் சொன்னான்.

தென்றல் குனிந்து சின்ன அறைக்குள் பார்த்தாள். பெரிய அறைக்கு அடியில் கனமான துணி வைத்துத் தைத்திருந்தது. இங்கே இல்லை. மண், ஜல்லி, காய்ந்த நெருஞ்சி.

"இதுல ஏன் பாய் கீழ துணி இல்ல?"

"அது படுக்கறதுக்கு இல்லம்மா. வெள்ளைக்காரங்க செருப்பு, ஸ்டவ், நாயி, இதெல்லாம் அதுல வுடுவாங்க."

"நாயா?"

"நாய் வெச்சிருக்கறவங்க." அவர் தசரதன் பக்கம் திரும்பினார். "ஏன் சார் நீலந்தான்னு நிக்கறீங்க? சாமான் ஜாஸ்தியா?"

தசரதன் அக்காவைப் பார்த்தான். ராஜம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கடையின் பின்வாசலில் அப்துல் பாயின் மனைவி வஜீதா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொல்வதுபோல, ராஜம்மாள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"தூரத்துக்கு அதான் தோது."

அது அப்துல் பாய் காதிலும் விழுந்தது. "தூரம்னா நீலந்தான். கரெக்டு. ஆனா ஜமுனாமரத்தூருக்கு பஸ்ஸே போவுதே. நடந்தா போறீங்க? எவ்ளோ தூரம் வரும்?"

மிஷின் நின்றது.

"என்னங்க," என்றாள் வஜீதா. "இவங்களுக்கு டீ வாங்கியாங்க."

"இரு. தூரம் எவ்ளோன்னு தெரிஞ்சா…"

"டீ வாங்கியாங்கன்றேன்."

அப்துல் பாய் போனார். வஜீதா தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே நூல் கோத்த ஊசி அது.

தென்றலுக்கு டீசல் நாற்றம் அடித்தது. கல்யாணமான முதல் வருஷம், அதே கோயில். மாதவிலக்கு வந்து அவள் தூரமாகிவிட்டாள் என்று டிராக்டருக்கு அடியில் சாக்கு விரித்து உட்கார வைத்தார்கள். விடியும்வரை டீசல் சொட்டியது. ராஜம்மாள் சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துக் குச்சியால் தள்ளிவிட்டாள். தசரதன் டிராக்டர் பெட்டியில், அவள் தலைக்கு நேர் மேலே, மாமன் மச்சான்களோடு சீட்டு ஆடிக்கொண்டிருந்தான்.

"யாருக்கு?" என்றாள் தென்றல்.

"உனுக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லுங்க அண்ணி."

"போன மாசம் நான் வந்திருந்தப்பதான உம்பொண்ணு தூரமானா. கணக்குப் போட்டுப் பாத்தேன். கோயிலுக்குப் போற அன்னிக்குத்தான் வருது."

"எம்பொண்ணு கணக்க நீங்க போட்டீங்களா?"

"பின்ன நீ போடுவியா? நீ அந்த நாள்லயும் அவள அடுப்புல தோசை ஊத்த வுட்டவ."

தென்றல் கணவனிடம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"அக்கா சொன்னா."

"எப்ப?"

"போன வாரம். போன்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சண்டைக்கு வருவே."

"அப்பனும் அத்தையும் போன்ல உக்காந்து எம்பொண்ணு ஒடம்பப் பத்திப் பேசுவீங்க. நான் சண்டைக்கு வரக் கூடாது."

"கத்தாத தென்றலு. கடை இது."

"நாய் கட்டற எடத்துல எம்பொண்ணப் போடுவீங்க. நான் கத்தக் கூடாது."

"வெளியவா போடறாங்க? டெண்டுக்குள்ளதான?" தசரதனுக்கும் குரல் ஏறியது. "உன்ன மாதிரி டிராக்டர் அடியிலயா? மேல துணி இருக்குது. பக்கத்துலயே நாம இருக்கறோம். அவளுக்கு அந்த மாதிரி ஆவக் கூடாதுன்னுதான இவ்ளோ செலவு பண்ணி இத வாங்கறேன்?"

நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் அவன் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த டிராக்டரைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டான் என்று அவள் நினைத்திருந்தாள். மறக்கவில்லை. நினைவில் வைத்திருந்து, அதைவிடக் கொஞ்சம் வசதியாக ஒன்றைத் தேடியிருக்கிறான்.

"சாமி காரியம்," என்றாள் ராஜம்மாள். "வேடியப்பன் சும்மா வுட மாட்டான். அவனுக்கு ஆவாது."

"சேவல் ரத்தம் ஆவும். எம்பொண்ணு ரத்தம் ஆவாதா?"

"நாக்கு அழுவிடும்டி."

"அழுவட்டும்."

"அம்மா!"

கவிநிலாவின் குரல். நீலக் கூடாரத்தின் உள்ளிருந்து வந்தது. தென்றல் பெரிய அறைக்குள் குனிந்து போனாள். மாறன் நடுத்திரையின் ஜிப்பை மேலிருந்து கீழ்வரை இழுத்து மூடியிருந்தான். அதற்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். திரையில் உள்ளங்கை ஒன்று அழுந்தி அழுந்தி விலகியது.

தென்றல் அவனைத் தள்ளிவிட்டு ஜிப்பைத் திறந்தாள். கவிநிலாவின் முகம் வேர்த்திருந்தது.

"இந்தப் பக்கம் பிடியே இல்லம்மா. நான் வெளிய போலாம். உள்ள வர முடியாது."

தென்றல் ஜிப்பைப் பார்த்தாள். இரும்பில் ஒரு சின்னப் பிடி. பெரிய அறையின் பக்கம் மட்டும் தொங்கியது.

அவள் திரையைத் தாண்டிச் சின்ன அறைக்குள் போனாள். ஜல்லிமேல் படுத்தாள். நல்ல புடவைதான் கட்டியிருந்தாள். கையை நீட்டி ஒரு பக்கத் துணியைத் தொட்டாள். புரண்டு மறு பக்கத்தைத் தொட்டாள்.

தசரதன் வாசலில் குனிந்து பார்த்தான். "என்ன பண்றே?"

"அளவு பாக்கறேன். ரெண்டு பேரு படுக்கலாம்."

"எந்த ரெண்டு பேரு?"

"நானும் அவளும். அவளக் கட்டிப் புடிச்சிக்கினு படுப்பேன். தொட்டா எனக்கும் தீட்டுதான அண்ணி?"



"பொங்கல் யார் வெக்கறது?" என்றான் தசரதன்.

"அத உங்க அக்காவக் கேளுங்க."

ராஜம்மாளால் வைக்க முடியாது. அவள் கட்டிக்கொடுத்த பெண். தாலி ஏறிய நாளிலிருந்து அவளுக்கு வேறு குலதெய்வம். வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்க வேண்டியவள் இந்த வீட்டு மருமகள். வைக்கும் நாளில் அவளுக்குத் தீட்டு கூடாது. இந்தச் சட்டங்களை எல்லாம் வருஷா வருஷம் எல்லோருக்கும் எடுத்துச் சொல்கிறவளே ராஜம்மாள்தான்.

"மெரட்றியா?" என்றாள் ராஜம்மாள்.

"ஆமா."

"தம்பி, கேட்டுக்க. உம் பொண்டாட்டி சாமிய வெச்சி மெரட்றா."

தசரதன் கேட்டுக்கொண்டான். ராஜம்மாள் பையை எடுத்துக்கொண்டு கடை முகப்புக்குப் போனாள். பஸ்ஸுக்குப் போகவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்துல் பாய் டீயோடு வந்தார். யாரும் எடுக்கவில்லை. டம்ளர்களை மிஷின் பலகைமேல் வைத்தார்.

"என்ன சார், முடிவாச்சா?"

"பச்சையே குடுங்க பாய்," என்றான் தசரதன். தலைவலி தீர்ந்தால் போதும் என்பதுபோல் சொன்னான்.

தென்றல் எழுந்து வெளியே வந்தாள். முதுகெல்லாம் மண். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. கோபம் அப்படியே இருந்தது.

"நீலம்," என்றாள் கவிநிலா.

"சும்மா இரு," என்றான் தசரதன்.

"நீலந்தான் வேணும்."

"எதுக்கு வாங்கப் பாத்தாங்கன்னு தெரியுமாடி உனக்கு?" என்றாள் தென்றல்.

"தெரியும். டெண்டு துணிதானம்மா. எல்லாம் கேக்குது." கவிநிலா அப்பாவைப் பார்க்கவில்லை. "அத்தைக்காக ஒண்ணும் இல்ல. எனக்கு ஒரு ரூமு வேணும். பிடி மட்டும் எம்பக்கம் இருக்கணும்."

கடை முகப்பில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தென்றல் வஜீதாவிடம் போனாள்.

"அந்த ஜிப்ப மாத்த முடியுமாம்மா?"

"முடியும். ரெண்டு பக்கமும் பிடி வெச்ச ரன்னர் இருக்குது. அதப் போட்டுடட்டா?"

"ரெண்டு பக்கம் வேணாம். அவ பக்கம் மட்டும்."

"அப்ப நாங்க எப்படித் தொறக்கறது?" என்றான் தசரதன்.

"கூப்புடுங்க. இஷ்டமிருந்தா தொறப்பா. கீழ நல்ல தார்ப்பாய் வெச்சித் தெச்சிடுங்கம்மா. நெருஞ்சி குத்தக் கூடாது."

வஜீதா எழுந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டாள். அப்துல் பாய் மனைவியையும் தென்றலையும் மாறி மாறிப் பார்த்தார். "தூரம் ஜாஸ்தியா இருந்தா தார்ப்பாய் வெயிட்டு ஏறும் மேடம்," என்றார்.

"ஏறட்டும் பாய்."

தைத்து முடிகிறவரை தசரதன் மனையின் ஓரத்தில் நின்றிருந்தான். பிறகு அவளருகே வந்தான்.

"பொங்கல் வெப்ப இல்ல?"

"வெப்பேன். அரிசி அவதான் போடுவா. எந்த நாளா இருந்தாலும்."

"அக்கா வர மாட்டா."

"அது அவங்க இஷ்டம்."

"ஊர்ல என்ன பேசுவாங்க?"

"நீங்க போன்ல பேசினத வுடவா?"



வஜீதா புது ரன்னரை இழுத்துக் காட்டினாள். கவிநிலா உள்ளே போய்த் திரையை மூடினாள், திறந்தாள், மூடினாள். மாறன் இந்தப் பக்கம் பிடியைத் தேடினான். "எனக்கு இல்லையா? இது போங்கு," என்றான்.

அப்துல் பாய் முளைகளைப் பிடுங்கினார். நீலக் கூடாரம் பெருமூச்சு விட்டுத் தரையில் படிந்தது. அதை மடித்து உறைக்குள் போட வேண்டும். வந்தபோது அந்த உறைக்குள்தான் இருந்தது. இப்போது போக மறுத்தது. தசரதனும் அப்துல் பாயும் இரண்டு முறை உருட்டிப் பார்த்தார்கள். புதுத் தார்ப்பாய் வேறு விறைத்துக்கொண்டு நின்றது. முன்பக்கம் யாரோ சணல் கேட்டுக் கூப்பிட்டார்கள். அப்துல் பாய் போய்விட்டார்.

தசரதன் மூன்றாவது முறை விரித்தான். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறு முனையைத் தென்றலிடம் நீட்டினான்.

"இதக் கொஞ்சம் புடி."

அவள் பிடிக்கவில்லை. ராஜம்மாளைப் போலக் குரலைத் தாழ்த்தவும் இல்லை. கடைப் படிவரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் தூரமா இருக்கேன்."

நீட்டியிருந்த கை சட்டென்று பின்னால் போனது. நீலத் துணி மண்ணில் விழுந்தது.

கவிநிலா அந்தக் கையைப் பார்த்தாள்.