கிணற்றுக்குள் போய் வந்த கொட்டை

காலையில் துளைக் குழாயின் மேல் நிஸ்டோர் சாக்குக்கட்டியால் இழுத்த கோடு, அவர் மத்தியானம் சாப்பிடப் போய்த் திரும்பிய பிறகும் அதே இடத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரஹோவா மலைச்சரிவில் அந்த எண்ணெய்க் கிணறு அவ்வளவு மெதுவாக இறங்கியது. கோபுரத்தின் உச்சியில் கூடு கட்டிய காக்கை குஞ்சு பொரித்து, பறக்கப் பழக்கி, அந்தக் குஞ்சு தனக்கொரு துணை தேடிக்கொண்டு போன பிறகும் கீழே அதே பாறைதான்.

நிஸ்டோர் அங்கே சேற்றுக்காரர். களிமண்ணையும் தண்ணீரையும் கனமான கல்மாவையும் கலக்கிக் குழாய் வழியே கீழே அனுப்புவார்; பாறைத் தூளைச் சுமந்துகொண்டு அது மேலே வரும்போது சல்லடையில் பிடிப்பார். சேறு பதமாக இருந்தால் துளைக்கருவியின் பல் புதுப் பாறையைக் கடிக்கும். கெட்டியாகிவிட்டால் தூள் அடியிலேயே படுத்துக்கொள்ளும்; பல் அரைத்ததையே அரைத்துக்கொண்டிருக்கும். ஒரு களிமண் அடுக்கைக் கடந்ததிலிருந்து, கஞ்சியாக இருந்த சேறு களியாகிவிட்டிருந்தது. இளக்குவதற்குத் தோல் பதனிடுகிற மரப்பட்டைத் தூள் வேண்டும். கிடங்கில் கேட்டால், ரயிலில் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அந்த ரயில் வசந்தகாலத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது.

பனி விழுவதற்குள் எண்ணெய் மணலைத் தொடாவிட்டால் குழுவைக் கலைத்து ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பிவிடுவார்கள். நிஸ்டோருக்குக் கடலோரம் என்று பேச்சு. ஊர் ஊராகத் துளை போட்டே அறுபதை நெருங்கிவிட்ட மனிதர், சொந்தமாக ஒரு கதவுகூட இல்லாதவர். அவருக்குச் சாப்பாட்டுக் கொட்டகை பரஸ்கிவா இப்போதுதான் முதல் முறையாக, கேட்காமலே இரண்டாவது அகப்பை சூப்பு ஊற்றியிருந்தாள். இந்த நேரம் பார்த்தா கடலுக்குப் போவது?

அன்றைக்கென்று மேலிடத்து ஆய்வாளர் வந்து இறங்கினார். நேராகச் சேற்று மருந்துக் கொட்டகைக்குள் நுழைந்தார். அங்கேதான் பரஸ்கிவாவின் இரண்டு பீப்பாய் பிளம்ஸ் ஊறல் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. மகள் கல்யாணத்துக்குச் சாராயம் காய்ச்ச வேண்டும். ஈ மொய்க்காமல் வால்நட் இலையும், நிறத்துக்கு ஓக் பட்டையும் போட்டிருந்தாள். அனுமதியில்லாத ஊறலைப் பிடித்தால் சிறை.

"இதுல என்ன?" ஆய்வாளர் மூக்கை உறிஞ்சினார்.

"மருந்து, தோழரே. சேறு இளக்கற மருந்து" என்றார் நிஸ்டோர். அவர் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தாலும் அது நம்பியிருக்கும்.

"வாசம் தூக்குதே!"

"சரக்கு நல்ல சரக்கு, தோழரே."

"மருந்த வச்சிக்கிட்டா கிணறு நகரலன்னு கடுதாசி எழுதினீங்க? ஊத்துங்கய்யா. என் கண்ணு முன்னாலயே."

கொட்டகை வாசலில் வந்து நின்ற பரஸ்கிவாவை நிஸ்டோர் பார்த்தார். ஒரு கல்யாணமே அந்தப் பீப்பாய்களுக்குள் நுரைத்துக்கொண்டிருந்தது. அவள் வந்து தன் கையாலேயே மூடியைத் தூக்கினாள்.

"மருந்துன்னு வாயில வந்திருச்சில்ல? ஊத்தித் தொலைங்க, சேத்துக்காரரே."

ஊற்றினார்கள். பிளம்ஸ் கொட்டைகள் பம்பை அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை, அதற்கே நிஸ்டோர் ஆயுளுக்கும் நன்றி சொல்லத் தயாராக இருந்தார். தோல் பதனிடுவதும் அந்த ஓக் பட்டையில்தானே; அப்புறம் சேற்றுக் குழியில் சேறு மெல்ல அசைந்து, சுழித்து, மோர் போல ஓடத் தொடங்கியது. மேடையிலிருந்து துளைப்பவன் தனாசே கத்தினான்:

"அண்ணே! என்னத்தப் போட்டீங்க? பிரேக்குல நிக்க மாட்டேங்குது!"

சாக்குக்கட்டிக் கோடு ரயிலுக்கு நேரமானதுபோல இறங்கி மறைந்தது. அடுத்த குழாய், அதற்கடுத்த குழாய். சிகரெட் பற்றவைக்க அவகாசம் கிடைக்காமல் ஒருவன் புகைப்பதையே விட்டுவிட்டான். குழியோரத்து வாத்துகள் வரிசை பிசகி நடந்தன. பாறைக்குத்தான் போதை ஏறிவிட்டது என்றான் தனாசே, நிஸ்டோர் மறுக்கவில்லை.

"இந்த மருந்து மத்த கிணத்துக்கும் கிடைக்குமா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"மரத்தைத்தான் கேக்கணும், தோழரே" என்றாள் பரஸ்கிவா.

பனிக்கு முந்தியே எண்ணெய் மணலைத் தொட்டார்கள். குழு கலையவில்லை, அடுத்த கிணறும் அதே சரிவில்தான் என்று உத்தரவு வந்தது. குழுவில் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து சாராயப் புட்டி கொண்டுவந்து பரஸ்கிவாவின் வாசலில் வைத்துவிட்டு, வைத்தது தாங்கள் இல்லை என்பதுபோல நடந்தார்கள். கல்யாணத்துக்குப் போதும். வீடில்லாத நிஸ்டோரிடம் மட்டும் கொடுக்க ஒன்றும் இல்லை. சல்லடையில் கிடைத்ததைக் கழுவி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோனார்.

அவள் பிரித்துப் பார்த்தாள். "ரெண்டு பீப்பாய் ஊத்தினேன். ஒத்தைக் கொட்டை திரும்பி வந்திருக்கு."

"கிணத்து அடி வரைக்கும் போயிட்டு வந்திருக்கு, பரஸ்கிவா." வேறு ஏதோ சொல்லத்தான் வந்தார், கைக்குட்டையை வாங்கி நான்காக மடித்தார்.

"முளைக்குமா?"

"தெரியலையே. முளைக்குதான்னு பாக்க ஆள் இருக்கணும்."

"அதான் இருக்கப்போறீங்கல்ல" என்றாள் அவள், வெந்நீர்க் கெட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தபடி.

வாசற்படியோரம் மண் குளிரில் இறுகிக் கிடந்தது. அவள் குனிந்து விரலை வைத்து அழுத்தினாள், இறங்கவில்லை. நிஸ்டோர் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, பதம் பார்த்து ஊற்றினார். முதல் பனித்துகள்கள் ஆவிக்குள் விழுந்து காணாமல் போயின. அவளுடைய விரல் ஒரு கணு இறங்கியது, பிறகு இன்னொரு கணு.