கட்டைவிரல் அளவு

இரண்டு கொம்புப் பட்டைகள். நடுவே ஒரு கோடு வெளிச்சம்.

ஆடிச் சாரல் சன்னலில் நிற்கிறது. இந்த வெளிச்சத்தில்தான் பிடியைத் தூக்கிப் பார்ப்பேன். மடக்கினால் கத்தி இந்தக் கோட்டின் நடுவில் வந்து படுக்க வேண்டும். இடப்பக்கமும் உரசக்கூடாது. வலப்பக்கமும் உரசக்கூடாது.

பழைய சவரக்கத்திகளுக்குப் புதுப் பிடி போடுவது என் வேலை. துரு எடுக்கப் பொறுமை போதும். பிடிக்கு மாட்டுக்கொம்பு அறுக்கும்போது மயிர் கருகும் நாற்றம், அதுவும் பழகிவிட்டது. ஆணி அடிப்பதுதான் இன்றைக்கும் பயம்.

கத்தியைப் பிடியோடு கோக்கும் பித்தளை ஆணியின் தலையைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பரப்ப வேண்டும். ஒரு தட்டு குறைந்தால் கத்தி ஆடும். ஒரு தட்டு கூடினால் இறுகிக்கொள்ளும், பிறகு திறக்கவே திறக்காது. அடித்த அடியைத் திரும்ப வாங்க முடியாது.

இது கோமதிநாயகத்தின் கத்தி. தென்காசியில் நாற்பது வருஷம் முடிதிருத்தியவர். என் கல்யாணத்தன்று என் நாடியை இரண்டு விரலால் நிமிர்த்திச் சவரம் செய்தவர். இப்போது அவர் கை நடுங்குகிறது. சோற்றை அள்ளினால் நடுங்குகிறது. சும்மா இருந்தாலும் நடுங்குகிறது.

ஆனாலும் தன் முகத்தைத் தானேதான் வழிப்பார். வேறு கை பட விடமாட்டார். கன்னத்தில் ஒரு வெட்டு. காதடியில் ஒன்று. மூன்றாவது வெட்டு கழுத்தில். அன்று கத்தி தரையில் விழுந்து பிடி உடைந்தது.

அவர் மனைவி வடிவு கத்தியின் ரத்தத்தைக் கழுவி, ஈரம் துடைக்காமல் அப்படியே ஒளித்து வைத்தாள். துரு ஏறியது. அவர் தினமும் கத்தி எங்கே, கத்தி எங்கே என்று கேட்டார். வேறு வழியில்லாமல் என்னிடம் கொண்டுவந்தாள்.

இன்று ஆணி அடிக்கும் நாள். வடிவு குடையை மடக்கிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, பாக்க நல்லா இருக்கணும். அவுக கையில வச்சிக்கிட்டா போதும். ஆனா தெறக்கக் கூடாது."

எனக்குக் கோபம் வந்தது. "தெறக்காத கத்திக்கு எதுக்கும்மா பிடி? மாலை போட்டுச் செவத்துல மாட்டவா?"

அவள் தன் கழுத்தில் விரல் வைத்து அந்த வெட்டின் நீளத்தைக் காட்டினாள். விரல் நெடுந்தூரம் போயிற்று. என் வாய்க்கொழுப்பை நினைத்து வெட்கப்பட்டேன்.

ஒரே ஒரு தட்டு கூடுதலாக அடித்தால் போதும். வாழ்நாளெல்லாம் நான் பயந்த அந்த ஒரு தட்டு. அடித்தால் அவர் கழுத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் நாளைக் காலையில் திறந்து பார்ப்பார். திறக்காது. தன் வீட்டுக்காரியே தன்னை ஏமாற்றிவிட்டாள் என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.

சுத்தியலை வைத்துக்கொண்டு அவள் கையைப் பார்த்தேன். முப்பது வருஷம் பீடி சுற்றிய கை. நகம் தேய்ந்து, தோல் தடித்து, கொஞ்சமும் நடுக்கமில்லாத கட்டைவிரல்.

கத்தி விளிம்பில் துணிநாடா சுற்றி அவளிடம் நீட்டினேன். "நீ தெற."

திறந்தாள். லேசாகத் திறந்தது. வாங்கி ஒரு தட்டு. திறந்தாள். இன்னொரு தட்டு. திறந்தாள். சாரல் வலுத்தது. இன்னொரு தட்டு. இப்போது உதட்டைக் கடித்தாள். விரல் வெளுத்தது. கத்தி முனகிக்கொண்டு திறந்தது. அங்கே நிறுத்தினேன்.

அவர் விரலுக்குத் திறக்காது. அவள் விரலுக்குத் திறக்கும். திறந்தபின் யார் கையில் இருப்பது என்பது அவர்கள் இருவர் பாடு.

அவளுக்குப் புரிந்தது. கத்தியை மடக்கி என் பக்கம் நகர்த்தினாள்.

"கூர் ஏத்தவா?"

சாரல் ஓய்ந்து மறுபடி பிடித்தது.

"ஏத்துங்க அண்ணாச்சி."

ஆவணி போயிற்று. புரட்டாசி போயிற்று. அந்தத் தெருப் பக்கமே நான் போகவில்லை. எங்காவது ஒப்பாரி கேட்டால் எந்த வீடு என்று விசாரித்தேன். கூர் ஏற்றியது நான்தானே.

ஐப்பசி முதல் மழையோடு வடிவு வந்தாள். முந்தானையிலிருந்து கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மழுங்கிட்டு அண்ணாச்சி."

மழுங்கிவிட்டது. எனக்கு அந்த ஒரு சொல் போதும். திறக்காத கத்தி மழுங்காது.

முதல் நாள் அவரே திறக்கப் பார்த்தாராம். இரண்டாம் நாளும் பார்த்தாராம். மூன்றாம் நாள் கத்தியைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாராம். நான்காம் நாள் அவளிடம் நீட்டினாராம். அவள் திறந்தாள். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"என் கையவே பாத்தாவ. பொறவு தன் நாடிய நிமித்துனாவ."

ஊரார் நாடியையெல்லாம் நிமிர்த்திய மனிதர். இதைச் சொல்லும்போதுதான் வடிவு அழுதாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அவள் போனபின் பிடியைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். மழை வெளிச்சம். இரண்டு கொம்புப் பட்டைகள். நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டில், காய்ந்த சோப்போடு ஒட்டிக்கொண்டு, ஒரு நரைமுடி.