மூன்றாம் நம்பர் பிரஸ்

...பச்சைப் பொத்தானை அமுக்கினால் ஓடும், சிவப்பை அமுக்கினால் நிற்கும், காலையிலிருந்து எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள், இதில் மறப்பதற்கு என்ன இருக்கிறது, ஆனாலும் தீர்த்தம்மாளிடம் எல்லோரும் காது மந்தமானவளிடம் பேசுவதுபோலத்தான் பேசுகிறார்கள், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, மாயவனுக்குக் கை போன நாளிலிருந்தே அப்படித்தான். கை போனது அவள் புருஷனுக்கு, காது போனது இவளுக்கா? மேனேஜர் வந்து தோளுக்குச் சற்றுத் தள்ளிக் கையை வைத்துக்கொண்டு, தொடாமல், "நீங்கதாம்மா அமுக்கணும், அதுதான் மரியாதை" என்றார், சரிங்க என்றாள். யாருக்கு மரியாதை என்று கேட்கத் தோன்றவில்லை. ஓசூரில் இந்தக் கம்பெனி ஷெட்டுக்குள் அவள் இதற்குமுன் இரண்டு தரம்தான் வந்திருக்கிறாள், அவளுடைய வேலை மாடியில், டேப் ரூமில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம். இங்கே எண்ணெய் நாற்றம், காலடியில் தகரச் சுருள்கள், மேலே தகரக் கூரை இப்போதே சூடேறத் தொடங்கியிருந்தது. தகட்டை அமுக்கி வளைக்கிற மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு மாலை போட்டிருந்தார்கள், சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். அதன் முன்னால் புதிதாக வந்து நிற்கிற இரும்புக் கைக்கும் ஒரு மாலை. அந்தக் கைக்குத் தோள் இருந்தது, முழங்கை இருந்தது, நுனியில் விரலுக்குப் பதில் இரண்டு ரப்பர் கிண்ணங்கள், அவைதான் தகட்டைக் கவ்வி உறிஞ்சுமாம். மாலை முழங்கை வரைக்கும் சறுக்கி வந்து தொங்கியது. அதை யாராவது சரிசெய்தால் தேவலை என்று பார்த்துக்கொண்டே நின்றாள், ஒருத்தரும் செய்யவில்லை.

அந்தக் கை இரும்பாக வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும், படமாக. பெங்களூரில் இருக்கிற கம்ப்யூட்டர் ஒன்று பேனாவால் தானே வரைந்ததாம், பாய் அளவுக்கு ஒரு காகிதம், டேப் ரூம் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பிரஸ் ஒன்றுதான், கை மட்டும் ஏழெட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக, விசிறியை விரித்த மாதிரி. முதலில் பார்த்தபோது எத்தனை கை என்று நினைத்தாள். தாவூதுதான் சொன்னான், தர்மபுரி டவுன் பையன், சேலத்தில் படித்துவிட்டு வந்த என்ஜினீயர், "ஒரே கைதாங்கக்கா, போற வழி பூரா வரஞ்சிருக்கு, எங்க இடிக்கும் எங்க இடிக்காதுன்னு காயிதத்துலயே பாத்துக்கலாம், அப்பறமா இரும்பு வாங்கலாம்." அக்கா என்றுதான் கூப்பிடுவான். டேப் அடிக்கக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். டைப் மெஷின் மாதிரி ஒன்று, தட்டத் தட்ட மறுபக்கம் காகித நாடாவில் ஓட்டை விழும், இந்த ஓட்டைக்கு முன்னே போ, இதற்குக் கீழே இறங்கு, இதற்குக் கவ்வு, இதற்குத் திரும்பு. நாடாவை மாற்றிவிட்டால் அதே கை வேறு தகட்டை எடுக்கும், வேறு இடத்தில் வைக்கும், ஆளை மாற்ற வேண்டியதில்லை, பழக்க வேண்டியதில்லை. அரூரில் எட்டாவது வரை படித்தவளுக்கு இது போதும் என்றார்கள். போதுமாகத்தான் இருந்தது. என்ன தட்டுகிறோம் என்று யோசிக்காமல் தட்டினால் தப்பு வருவதில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டாள், அந்த யோசிக்காமல் இருப்பது அவளுக்கு அப்போது கைவந்த விஷயமாக இருந்தது, குழம்பு கொதிக்கும்போதும், மகள் காவேரிக்குச் சடை பின்னும்போதும், மாயவனுக்குச் சட்டைப் பொத்தான் போடும்போதும்... அவன் மோவாயை உயர்த்திக்கொண்டு சுவரைப் பார்ப்பான், இவள் பொத்தானைப் பார்ப்பாள். இரண்டு வருஷமாகத் தினமும். அழுகை வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. ஊரிலிருந்து வந்த மாமியார் குள்ளம்மாள்கூட, "இவ என்னாடி கல்லாட்டம் கீறா" என்று பக்கத்து வீட்டில் சொன்னது காதில் விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான்.

மாயவன் நின்றதும் இதே பிரஸ்தான். தகட்டை அச்சுமேல் வைக்கணும், கையை எடுக்கணும், காலால் மிதிக்கணும், மேலேயிருந்து இறங்கி அமுக்கிவிட்டு ஏறும், எடுக்கணும், அடுத்தது. மொரப்பூரில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தவன், ஓசூரில் கம்பெனிகள் வருகின்றன என்று கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்து, பிரஸ்ஸில் நின்ற முதல் மாதம் தூக்கத்தில்கூடக் காலை உதைப்பான், இவள் சிரிப்பாள். அப்புறம் அந்தச் சாயந்திரம். வலது மணிக்கட்டு. பெங்களூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையைப் பார்க்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவன் தண்ணி என்றான், போதும் என்றான். பிறகு கம்பெனியில் விசாரணை என்று கூப்பிட்டார்கள், மூன்று பேர் மேசைக்குப் பின்னால், இவள் வெளியே பெஞ்சில், கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. பிரஸ் தானா இறங்குச்சா, நீ மிதிச்சியா? ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. "நாந்தான் மிதிச்சிட்டனுங்க. கவனமில்லாம மிதிச்சிட்டனுங்க." அப்போதுதான் உள்ளுக்குள் ஏதோ ஒன்று அணைந்தது என்று இப்போது நினைத்தால் தோன்றுகிறது. கையை உள்ளே வைத்துக்கொண்டு ஒருத்தன் மிதிப்பானா? எதை நினைத்துக்கொண்டிருந்தான்? காவேரிக்கு அன்றைக்குக் காய்ச்சல், அதையா? ஒரு நாளும் கேட்கவில்லை. அடுத்த வாரமே வீட்டுக்கு ஆள் வந்தது, உன் பெண்டாட்டிக்கு வேலை போட்டுக் கொடுத்திருக்கு என்று. எல்லோரும் கம்பெனியைப் புகழ்ந்தார்கள். இவளும் சேலை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பூசணிக்காயை உடைத்தார்கள், யாரோ அவள் முழங்கையை மெல்லத் தள்ளினார்கள், பச்சை. அமுக்கினாள். பொத்தான் நினைத்ததைவிட லேசாக உள்ளே போனது. கை அசைந்தது... டேப்பில் அவள் தட்டின ஓட்டைகள் ஒவ்வொன்றாக எதிரே நடந்தன, முன்னே போ, இறங்கு, கவ்வு, தூக்கு, திரும்பு, மாலை அப்படியும் இப்படியும் ஆடியது. தகட்டை அச்சில் வைத்துவிட்டு வெளியே வந்தது, பிரஸ் இறங்கியது, தரை அதிர்ந்தது, ஏறியது. கைதட்டினார்கள். மறுபடி, மறுபடி. அழகாகத்தான் எடுக்கிறது, ஒரே மாதிரி, சலிப்பில்லாமல், வியர்வையைத் துடைத்துக்கொள்ளாமல். அவளுக்கு எதுவும் ஆகவில்லை. எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது, கண் கலங்குமென்று எதிர்பார்க்கிறார்கள்போல, போட்டோக்காரன் இதற்காகவே பக்கவாட்டில் வந்து நின்றான். பாவம், அவனுக்காகவாவது கலங்கியிருக்கலாம். அந்த நேரத்தில்தான் டேப் எங்கோ சிக்கிக்கொண்டது, டகடக என்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது, இரும்புக் கை உள்ளே போனது போனபடியே, அச்சின்மேல் நீட்டிக்கொண்டு, அப்படியே. மேலே பிரஸ்.

"எடுங்க" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. சின்னச் சத்தம்தான், பக்கத்தில் நின்ற ஒன்றிரண்டு பேர் திரும்பினார்கள். எடுங்க... யாரைச் சொன்னாள்? இரண்டு வருஷத்தில் முதல்தரமாக உடம்பில் ஏதோ ஓடியது, இதோ இறங்கப்போகிறது, இதோ, இதோ. பிரஸ் இறங்கவில்லை. மேலேயே நின்றது, வாயைத் திறந்து வைத்த மாதிரி. தாவூது டேப் பெட்டியைத் திறந்துகொண்டே, சாதாரணமாக, சிரித்துக்கொண்டே சொன்னான், "பயப்படாதீங்கக்கா, கை உள்ள இருக்கிற வரைக்கும் பிரஸ் எறங்காது. சுவிட்ச் இருக்கு பாருங்க, பக்கத்துல, அந்தச் சின்ன டப்பா." தீப்பெட்டி அளவு, அதிலிருந்து பூனை மீசை மாதிரி ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. கை வெளியே வந்து அந்தக் கம்பியைத் தொட்டால்தான் பிரஸ்ஸுக்குக் கரண்ட் போகுமாம்.

"எதுக்குங்க அது?"

"கை நசுங்கிடுச்சுன்னா அவ்வளவுதான, இதுமாதிரி இன்னொரு கை செய்யணும்னா எத்தன மாசம் ஆகும்."

"அந்த டப்பா, இந்தக் கைக்குன்னு செஞ்சதுங்களா?"

"அட இல்லக்கா, அது பெங்களூர்ல கடையிலயே தொங்கும், லிப்ட்டுக்குப் போடறது. ரொம்ப காலமா..." என்றவன் டேப்பைப் பிரித்துக்கொண்டிருந்த விரலை நிறுத்தினான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியது, சின்னப் பையன்போல ஆனது. "அக்கா" என்றான். சட்டென்று குனிந்து மறுபடி டேப்பைப் பிரித்தான். டேப் சரியானது, கை வெளியே வந்தது, மீசையைத் தொட்டது, பிரஸ் இறங்கியது. கைதட்டினார்கள். மேனேஜர் லட்டு எடுத்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் முழுக்க மாடியில் உட்கார்ந்து டேப் அடித்தாள், நாலு தப்பு வந்தது, கிழித்துப் போட்டு மறுபடி அடித்தாள். தொங்கும் என்றானே, கடையில், எப்படித் தொங்கும், மிளகாய்ச் சரம் மாதிரியா, குழந்தைகளுக்குக் கிலுகிலுப்பை தொங்குமே அந்த மாதிரியா... பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்கூட அப்படி ஒரு கடை இருந்திருக்கும், பஸ் அதைத் தாண்டித்தான் போயிருக்கும். வீட்டில் சொல்ல வேண்டுமா? சொன்னால் என்ன ஆகும்? தன் தப்பு என்று நினைத்து ஒருத்தன் அடங்கிக் கிடக்கிறான், போனது போனதென்று இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டான், காவேரிக்கு மணலில் அ எழுதிக் காட்டுகிறான் கோணல்மாணலாக. அவனிடம் போய், இந்த அளவு ஒரு டப்பா இருந்திருந்தால் உன் கை இருந்திருக்கும் என்று சொல்வதா? சொல்லாமல் இருந்தால் மட்டும்... சாயந்திரம் சங்கு ஊதியது, கும்பலோடு கேட்டைத் தாண்டினாள். ரோட்டோரம் ரோஜாத் தோட்டத்துக்கு மோட்டார் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது, கன்னடத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். சொல்ல வேண்டாம் என்று முடிவு பண்ணினாள். கொஞ்ச தூரம் போய், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வீடு வந்துவிட்டது.

மாயவன் வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தான், காம்பைக் கால் கட்டை விரலில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் உருவி. காவேரி லட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. இவள் நிலைப்படியில் உட்கார்ந்தாள், செருப்பைக் கழற்றவில்லை.

"நல்லா ஓடுச்சா?" என்றான், கீரையைப் பார்த்தபடி.

"ஓடுச்சுங்க. நடுவுல சிக்கி நின்னுச்சு. கை உள்ளயே மாட்டிக்கிச்சு." அவன் விரல் நின்றது, பிறகு உருவியது. "பிரஸ் எறங்கலைங்க. ஒரு டப்பா வெச்சிருக்காங்க, சுவிட்ச்சாம். கை வெளிய வந்தாத்தான் எறங்குமாம்." சொல்லிவிட்டாள். இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

மாயவன் காம்பைத் தூரப் போட்டான். "எங்க வெச்சிருக்காங்க, மேலயா, பக்கத்துலயா?"

"பக்கத்துல."

"அதான் சரி. மேல வெச்சா எண்ணெ எறங்கி வீணாப்போயிரும். நானும் பக்கத்துலதான் வெக்கச் சொன்னேன்."

"யாருகிட்டங்க சொன்னீங்க?"

"அப்ப இருந்த போர்மேன்கிட்ட. பிரஸ்ஸு தானா எறங்குது, ரெண்டுதரம் ஆயிருச்சு, ஒன்னு வாங்கிப் போடுங்கன்னேன். பாக்கலாம்ன்னாரு." அடுத்த கொத்தை எடுத்தான். "அது கெடக்குது. இந்தக் கீரைய அலசிட்டு வா புள்ள, இருட்டறதுக்குள்ள."

தானா இறங்குது. அவள் முறத்தை வாங்கிக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை. தானா இறங்குது என்று தெரிந்தவன், சொன்னவன், அந்த மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து நான்தான் மிதிச்சேன் என்றான், அடுத்த வாரம் வீடு தேடி வேலை வந்தது... யார் அவனிடம் பேசினார்கள்? யாராவது பேசினார்களா, இல்லை அந்த ஃபேன் சத்தத்தில், பழியை ஏற்றால் வீட்டுக்கு ஒரு வேலை என்று அவனாகவே கணக்குப் போட்டுக்கொண்டானா? கேட்டால் சொல்வானா? அவன் குனிந்திருந்தான், காலையில் இவள் போட்டுவிட்ட பொத்தான்களில் மேலே ஒன்று கழன்றிருந்தது, கழுத்து எலும்பு தெரிந்தது. கல் மாதிரி இருக்கிறாள் என்று மாமியார் சொன்னாளே, அது கல்லில்லை போல, இத்தனை நாளும் அவன்மேல் கோபமாகத்தான் இருந்திருக்கிறாள், ஒவ்வொரு பொத்தானுக்கும், ஒவ்வொரு கவளத்துக்கும், கவனமில்லாத மனுஷா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள், அவளுக்கே கேட்காத குரலில். அவனுக்குக் கேட்டிருக்குமோ? சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றானே... முறத்தில் கீரை லேசாக இருந்தது. அந்தக் கோபத்தை இனிமேல் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.