இல்லாத கோட்டையில் உலகம்மை

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அச்சன்புதூர் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியே ஒரு பெண்ணைப் பார்த்தேன். குடையை மடக்கிவிட்டு, சாரலில் நனைந்தபடி மலையுச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில் ஒன்றுமில்லை. அந்தப் பார்வைக்கு ஒரு கோட்டையாவது வேண்டாமா? நானே கட்டினேன்.

2.
முதலில் ஒரு பாளையக்காரரைக் குடிவைத்தேன். கணவாய் வழியே வந்த மிளகுப் பொதிகளுக்கு அவர்தான் காவல். பிறகு கும்பினிப் பீரங்கியை வரவழைத்து மேற்குச் சுவரை இடித்தேன். (வருஷம் போடவில்லை. போட்டால் யாராவது நம்பித் தொலைப்பார்கள்.) அரைச் சுவரும் ஒரு சுனையும் மிஞ்சின.

3.
அவளுக்கு உலகம்மை என்று பெயர் வைத்தேன். புளியங்குடி கமிஷன் கடையில் எலுமிச்சை தரம் பிரிக்கிறாள். அவள் விரும்பும் ஜெபசிங்குக்குக் குற்றாலத்தில் துண்டுக் கடை. இரண்டு வீட்டிலும் சம்மதமில்லை. நாலு வருஷத்துக்கு முன் அந்தச் சுவரடியில் அவன் சொன்னான்:

"போன் வேண்டாம்ட்டி. போன்ல எல்லாரும் வாறேன்னுதான் சொல்லுவாவ. சீசன் தொடங்குத அன்னைக்கு மனசிருந்தா இங்கன வருவோம். ரெண்டு பேரும் வந்துட்டா, நேரா ரிஜிஸ்டர் ஆபீஸ்தான்."

வருஷா வருஷம் ஏறினாள். அவன் இல்லை. அவன் அவளை மறந்து வேறொரு

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். அவன் மறக்கவில்லை.)

4.
நடந்தது இதுதான். உலகம்மையின் ஊரில் முற்றத்துக் கொடித்துணி முதல் சாரலில் நனைந்தால் சீசன். குற்றாலத்துக் கடைக்காரனுக்கு மெயினருவியில் தண்ணீர் விழுந்தால்தான் சீசன். நடுவே ஒரு வாரம் போய்விடும். ஒவ்வொரு வருஷமும் அவள் இறங்கிய பிறகு அவன் ஏறினான். அவனும் நாள் முழுக்கக் காத்திருந்தான். அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினான்.

5.
இன்று சாரல் விழுந்தது. ஏறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். தங்கை ஸ்வாதி போனில் கத்துகிறாள்.

"ஏட்டி அக்கா, இறங்கி வா. அவன் வரமாட்டான்."

"வராட்டி போவட்டும். நான் வந்தேம்லா."

சொல்லிவிட்டு அழுதாள். அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும் அவளுக்கு.

6.
அருவியை இன்றே விழவைக்கலாம். எழுதியும் பார்த்தேன், மலையில் அவ்வளவு மழை இல்லை. சுவரில் அவன் பெயரைக் கிறுக்கிவைக்கலாம். பழைய கிறுக்கல் என்று தள்ளிவிடுவாள்.

அருவி அடுத்த செவ்வாய்க்கிழமை விழும், அன்றைக்கு அவன் ஏறுவான். இது எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். அவள் இறங்க எழுந்துவிட்டாள். நான் கூப்பிட்டால் நிற்க மாட்டாள். நாலு வருஷம் அவளை ஏமாற்றியது நான்தானே. நீங்கள் சொல்லிப் பாருங்கள்.