பக்கத்தில் உட்கார்ந்தவள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அக்கா மகள் சொன்னதைச் சுட்டு எழுதுகிறேன். சுட்டதற்கு ஈடாக, எழுதியதை அவளிடம் காட்ட வேண்டும். பிடிக்காத வரியை அவள் அடித்துவிடுவாள். அவளுக்கு வயது பதின்மூன்று. தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் பட்டப்பெயர் சோடாபுட்டி. "கதையிலயும் அதே பேரு இருக்கட்டும் சித்தி, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்துவிட்டாள்.

முதல் வரியை மூன்று முறை தொடங்கினேன்.

நூலகத்தின் மாடி அறையில் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு— (அன்றைக்கு மழை பெய்யவில்லை.)

அவள் விழிகளில் ஒரு கனவு— (இதைப் படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.)

"சனிக்கிழமை சண்டையிலேர்ந்து ஆரம்பிங்க சித்தி. அதுதான் நல்லா இருக்கும்."

சரி.

2

சனிக்கிழமை மூன்று மணிக்கு நூலக மாடியில் மாயக்கதை ரசிகர்களும் வீடியோ கேம் ரசிகர்களும் கூடிக் கருத்துச் சொல்வார்கள். கருத்து என்பது மரியாதைக்கு. நடப்பது சண்டை.

"புத்தகத்துல டிராகன் எப்படி இருக்கும்னு நானே நினைச்சுக்கலாம். கேம்ல அவங்களே காட்டிட்டா எனக்கு என்ன வேலை?" என்பது ஒரு கட்சி.

"கேம்ல நான் தப்பு பண்ணா நான் சாவேன். புத்தகத்துல நீ பாதியில தூங்கினாகூட அந்த இளவரசன் ஜெயிச்சுடுவான்!" என்பது எதிர்க்கட்சி.

(இருபது வருடமாக எழுதுகிறேன். எதிர்க்கட்சிக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.)

நூலகர் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். மாதத்தில் ஒரு கருத்தைத் தட்டச்சு செய்து, சொன்னவர் பெயரோடு வாசலில் ஒட்டுவார். அதில் வந்துவிட வேண்டும் என்பது சோடாபுட்டியின் ஒரு வருட ஆசை. ஆனால் சுவரில் ஒரு சட்டம் தொங்குகிறது: முடித்தவர் மட்டுமே பேசலாம். பாதி படித்தவர்களும் காதில் கேட்டவர்களும் பேசிப் பேசி ஒருமுறை நாற்காலி உடைந்ததிலிருந்து இந்தச் சட்டம்.

3

சோடாபுட்டி வீட்டில் கேம் விளையாட எதுவும் கிடையாது. அவள் தோழி கட்டைவிரல் வீட்டில் உண்டு. (பட்டன் அமுக்குகிற வேகத்துக்காக வந்த பெயர்.) எட்டு மாதமாக இருவரும் ஒரே கேமில் விழுந்து கிடந்தார்கள். கட்டைவிரல் விளையாடுவாள், இவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாள். கண்ட்ரோலரை இவள் கேட்டதும் இல்லை, அவள் நீட்டியதும் இல்லை. அதில் யாருக்கும் வருத்தமும் இல்லை.*

கட்டைவிரலுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. திரையில் யாராவது வாயைத் திறந்தால் உடனே ஸ்கிப். அந்தக் கண்சிமிட்டலுக்குள் வசனத்தைப் படித்துவிடுவது சோடாபுட்டியின் வித்தை. தப்பி ஓடும் ஓர் இளவரசியை, ஒரு படகோட்டி பதினோரு முறை ஆற்றைக் கடத்திவிடுகிறான். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வரி பேசுவான். எட்டாவது முறை அவன் சொன்னது: "இந்தப் பலகை என் மகள் படுத்த தொட்டில்."

கடைசிக் கரையில் எதிரிப்படை துரத்தி வருகிறது; படகு கையில் சிக்கினால் அதுவும் ஆற்றைக் கடந்துவிடும். திரை கேட்கிறது: படகை எரிக்கவா, விடவா? கேள்வி முழுதாகத் தெரிவதற்குள் கட்டைவிரல் எரித்துவிட்டாள். இளவரசி தலையில் கிரீடம் இறங்கியது. கட்டைவிரல் கட்டிலில் ஏறிக் குதித்தாள்.

சோடாபுட்டியின் கண்கள் குளமா— (அடித்துவிட்டாள். ஓரத்தில் அவள் எழுத்து: "அழல. செம கோவம்.")

* "கொஞ்சம் வருத்தம் இருந்துச்சு" என்று பிறகு சொன்னாள். விடுவதா சேர்ப்பதா என்று தெரியாமல் அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன்.

4

அடுத்த சனிக்கிழமை எழுந்து நின்று பேசினாள்.

"அந்தப் பொண்ணு ராணி ஆனதே படகாலதான். படகோட்டிகிட்ட ஒரு வார்த்தை யாரும் கேக்கல. கேம் சூப்பர். முடிவு நன்றி கெட்ட முடிவு."

அதே கேமை முடித்த நாலு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "படகோட்டி பேசுவானா?" என்றான் ஒருவன். இன்னொருவன் கள்ளமில்லாமல் கேட்டான்: "கடைசி லெவல்ல ரெண்டு தடவை குதிக்கணுமே, நீ எந்த பட்டன் அமுக்குன?"

இங்கே நான், தோழியின் விரல்களைப் பார்த்துப் பழகியவள் சரியான பட்டனைச் சொல்லிக் கைதட்டு வாங்கினாள் என்று எழுதியிருந்தேன். அழகான திருப்பம். அதையும் அடித்துவிட்டாள்.

நடந்தது வேறு. "நான் விளையாடல. பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன்" என்றாள்.

நூலகர் பேனாவை மூடினார். அப்போது கட்டைவிரல் எழுந்தாள்.

"சார், முடிச்சது நான்தான். ஆனா படகோட்டின்னு ஒருத்தன் பேசினதே இப்ப இவ சொல்லித்தான் தெரியும். அப்படிப் பார்த்தா நானும் முடிக்கல சார்."

நூலகர் சட்டத்தைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார். "சட்டத்த நானே மீறினா நாளைக்கு இங்க மறுபடியும் நாற்காலி பறக்கும்மா. இவளும் தன் கையால முடிச்சுட்டு வரட்டும். அடுத்த சனிக்கிழமை வாசல்ல ஒட்டிடறேன்."

5

மறுநாள் கட்டைவிரல், முன்பு சேவ் செய்துவைத்த இடத்திலிருந்து கேமைக் கடைசிக் கரைவரை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தினாள். கண்ட்ரோலரைத் தோழி கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தாள்.

சிக்கலைக் கவனியுங்கள். எரித்தால் கேம் முடியும், கருத்து வாசலில் வரும்; ஆனால் எரித்தது தவறு என்று எரித்தவளே சொன்னதாக ஆகும். விட்டால் எதிரிப்படை ஏறி வரும். விட்டுப் பார்த்தவர் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. தோற்றால் சேவ் செய்ததெல்லாம் அழிந்து முதலிலிருந்து ஆட வேண்டும். கட்டைவிரலின் எட்டு மாதம்.

"போனா போகட்டும்டி. நீ அமுக்கு" என்றாள் கட்டைவிரல்.

இந்த ஒரு வரியை நான் தொடவில்லை. என்னால் இதைவிட நன்றாக எழுத முடியாது.

அதற்குள் திரையில் படகோட்டி வாயைத் திறந்தான். பன்னிரண்டாவது வரி. முதல் தடவை கட்டைவிரல் அமுக்கிய வேகத்தில் சோடாபுட்டிக்கே சிக்காத வரி. இந்த முறை யாரும் ஸ்கிப் செய்யவில்லை. கட்டைவிரல் அதை எழுத்துக்கூட்டுவது மாதிரி நிதானமாக, சத்தமாகப் படித்தாள்.

6

முடிவு அ: எரித்தாள், வாசலில் வந்தது, அந்தப் பக்கமே பார்க்காமல் நடந்தாள். முடிவு ஆ: விட்டாள், தோற்றாள், இருவரும் முதல் லெவலைச் சிரித்துக்கொண்டே தொடங்கினார்கள். முடிவு இ: எதிரிகள் படகில் ஏற மறுத்து—

மூன்றின் மேலும் கோடு.

இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமைவரை எனக்குப் பொறுமை இல்லை. இருவரையும் உட்காரவைத்துக் கேட்டேன்: "அவன் என்னதான் சொன்னான்? நீ எதை அமுக்கின? கதை முடிய வேண்டாமா?"

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோபம் வர வேண்டிய இடம். எனக்கு ஏனோ மனம் நிறைந்துவிட்டது.

"நீங்க பக்கத்துல இல்லையே சித்தி" என்றாள் சோடாபுட்டி.

ஆகவே, வாசகரே, கண்ட்ரோலர் உங்கள் கையில். கரை வந்துவிட்டது, படை நெருங்குகிறது, படகோட்டி ஏதோ சொல்ல வருகிறான். நாற்காலியை இழுத்துப் போட்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அவன் பேசி முடிக்கட்டும், பிறகு அமுக்குங்கள்.