முடிவைச் சொல்லும் வாய்

என் அக்காவிடம் ஒரு கெட்ட பழக்கம். எந்தக் கதையைப் படித்தாலும் முடிவைப் போட்டு உடைத்துவிடுவாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை, வாய்தான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய்க்கு லீவு கிடையாது.

இந்த முறை அகப்பட்டது ஒரு சரித்திர நாவல். கப்பலேறி வந்த வயலின்காரர் ஒருவரின் நாலு தலைமுறைக் கதை. அவர் ஓயாமல் வாசித்த ஒரு மெட்டை யார் போட்டது என்று கொள்ளுப்பேத்தி தேடிக்கொண்டு போகிறாள். சங்கீதத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் ஏழாம் பொருத்தம். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அப்படியும் அந்தப் புத்தகத்துக்காக அடித்துக்கொண்டோம்.

நான் அச்சகத்தில் பைண்டிங் செய்கிறவள். புத்தகத்தின் முதுகில் கத்தியை விட்டு இரண்டாகப் பிரித்தேன். அக்கா பின்பாதியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"முடிவு தெரியாம நான் ஆபரேஷனுக்குப் போக மாட்டேன்."

அவள் தொண்டையில் கட்டி. குரல் நரம்பை ஒட்டி இருப்பதால், குரல் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆபரேஷனன்று காலை கடைசிப் பக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் ஸ்ட்ரெச்சரில் ஏறினாள்.

"முடிவு சொல்லட்டுமா?"

"வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்!"

கதவு மூடிய பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என் பாதியைப் படித்தேன். என்ன அருமையான எழுத்து! ஆனால் ஒவ்வொரு வரியும் அக்கா குரலில்தான் கேட்டது. பூட்டிக் கிடந்த வயலின் பெட்டியைக் கொள்ளுப்பேத்தி திறக்கும் இடத்தில் அழுதே விட்டேன். அக்கா ஆயுசுக்கும் எல்லாக் கதையின் முடிவையும் சொல்லித் தொலைக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் டாக்டர், "ஏதாவது பேசிப் பாருங்கம்மா," என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள்; அதேதான். அவள் விடவில்லை. என்னைக் கிட்டே வரச்சொல்லி விரலை ஆட்டினாள். குனிந்தேன்.

"அந்த மெட்டு..." கரகரவென்று, ஆனால் அவள் குரல். "அவரு போட்டது இல்லடி. அவரு பொண்டாட்டி போட்டது."

டாக்டர் சிரித்துவிட்டார். பத்தியம் இருந்தால் போகப் போகச் சரியாகிவிடும் என்றார். நான் இன்னும் பின்பாதியைத் தொடக்கூட இல்லை.

அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, இன்னொரு தடவை சொல்லு."